மருத்துவ பீடம் போகாதவர் மூளை ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை, நிலாவெளிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்து, மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டு, இப்போது வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விலங்கியல் சிறப்புப் பட்டத்தின் கடைசி வருடத்துக்குள் போகிறார். நரம்பு விஞ்ஞானத்தில், ஆய்வை முதன்மையாகக் கொண்ட முதுமாணிப் படிப்புக்குப் போக விருப்பம். எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: "வீட்டில் இது டாக்டர் படிப்பா என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை." அவருடைய உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கு இந்தத் துறையில் இடம் உண்டா, அங்கே போய் நாள் முழுக்க என்ன செய்வது, அதற்கு இங்கிருந்தே எப்படி ஆயத்தமாவது என்பவை தெளிந்த பிறகுதான் நாட்டையும் பல்கலைக்கழகத்தையும் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

நானும் திருகோணமலைதான், உவர்மலை. நரம்புக் கலங்களின் மின் துடிப்பை அளக்கும் ஆய்வுகூடங்களில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். முதுமாணி மாணவர்களை மேற்பார்வையும் செய்கிறேன். எனக்குக் கைப்பழக்கம் உள்ளவை எலி மூளைத் துண்டுகளும் கணினி மாதிரிகளும்தான். மனிதரை ஸ்கானரில் படுக்கவைத்துச் செய்யும் ஆய்வை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, கைவைத்ததில்லை. நான் சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்து வாசியுங்கள்.

வீட்டாருக்கான பதிலிலிருந்து தொடங்குவோம். இது டாக்டர் படிப்பு இல்லை. இதைப் படித்தால் பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு மருந்து எழுதும் உரிமை வராது. இலங்கையில் நரம்பியல் வைத்திய நிபுணராக வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாக எம்.டி. செய்ய வேண்டும். அந்தப் பாதைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஆனால் அந்த நோயாளியின் மூளையில் டோபமின் சுரக்கும் கலங்கள் ஏன் சாகின்றன என்று தேடுவதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. கலத்தின் மென்சவ்வில் அயன்கள் கடக்கும் சிறு துளையை அயன் வாயில் என்பார்கள்; ஒரே ஒரு அயன் வாயிலின் ஊடாக ஓடும் மின்னோட்டத்தை 1976இல் அளந்து காட்டிய இருவரில் பேர்ட் சக்மன் மருத்துவம் படித்தவர், ஏர்வின் நேயர் பௌதிகவியலாளர். 1991இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். மொன்றியலில் பிரெண்டா மில்னர் உளவியலாளர். 1953இல் வலிப்புக்காகச் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமற்போன ஹென்றி மொலைசனைப் பல காலம் ஆராய்ந்து, நினைவில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்று காட்டியவர் அவர். ஆகவே முதற்கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லலாம்: இடம் உண்டு, விலங்கியலிலிருந்து வருபவருக்கும் உண்டு.

அடுத்தது, ஆய்வு முதுமாணி என்றால் என்ன என்பது. இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் இது தெளிவாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது. 9ஆம் மட்டம் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி. 10ஆம் மட்டம் பாடநெறியோடு ஆய்வும் உள்ளது. 11ஆம் மட்டம் எம்.பில்., அதாவது முதுதத்துவமாணி. அது முழுக்க ஆய்வு. 12ஆம் மட்டம் கலாநிதிப் பட்டம். வெளிநாடுகளில் பெயர்கள் மாறும். பிரித்தானியாவில் எம்.ரெஸ். என்பார்கள், கனடாவில் ஆய்வேட்டு எம்.எஸ்ஸி., அவுஸ்திரேலியாவில் எம்.பில். பெயரைப் பார்த்து ஏமாறாமல் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: மொத்தக் காலத்தில் எத்தனை மாதம் ஆய்வுகூடத்தில், அந்த ஆய்வை மதிப்பிடுவது யார்? "ஆய்வை மையமாகக் கொண்டது" என்று விளம்பரம் செய்துவிட்டு, கடைசி மூன்று மாதத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதவைக்கும் படிப்புகளும் இருக்கின்றன.

சரி, அங்கே போய் என்ன செய்வீர்கள்? என் வகை ஆய்வுகூடத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் எலியின் மூளையை எடுத்து, பனிக்குளிர் உப்புக் கரைசலில் போட்டு, அதிரும் அலகுள்ள கருவியால் 300 மைக்ரோமீற்றர் தடிப்பில் துண்டுகளாகச் சீவுவோம். கரைசலுக்குள் 95 வீதம் ஒட்சிசனும் 5 வீதம் காபனீரொட்சைட்டும் குமிழியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் அன்றைய வேலையும் நின்றது. துண்டு தேறிவர ஒரு மணித்தியாலம் ஆகும். அதற்குள் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனி ஒரு மைக்ரோமீற்றர் அளவுள்ள ஊசிகளைச் செய்துகொள்வோம். பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி, ஊசி நுனியை ஒரு நரம்புக் கலத்தின் மேல் மெல்லக் கொண்டுபோய் வைத்து, மறுமுனையில் வாயால் இலேசாக உறிஞ்சுவோம். திரையில் தடை ஏறி ஏறி கிகா ஓம் அளவைத் தொட்டால் மென்சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு சின்ன உறிஞ்சலில் மென்சவ்வு உடைந்து ஊசி கலத்தின் உள்ளே திறக்கும். அதன் பிறகு அந்தக் கலம் அரை மணியோ ஒரு மணியோ உங்களோடு இருக்கும். அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். ஒரு கலமும் ஒட்டாத நாட்கள் வரும், புதியவருக்குத் தொடர்ச்சியாகவே வரும். மாணவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், தேர்வில் அல்ல.

வேறு ஆய்வுகூடங்களில் வேறு மாதிரி. சிலவற்றில் நாள் முழுக்க கணினிதான். சிலவற்றில் ஈக்களை வளர்த்து இனங்கலப்பது. சிலவற்றில் மனிதரின் தலையில் மின்வாய்களை ஒட்டி மூளை அலைகளைப் பதிவது. எதில் சேர்ந்தாலும் பொதுவான ஒன்று உண்டு. ஆய்வு முதுமாணியில் நீங்கள் ஒரு மேற்பார்வையாளரிடம், அவருடைய ஒரு நுட்பத்தையும் ஒரு கேள்வியையும், ஆசாரியிடம் தொழில் பழகுவதுபோல் கூடவே இருந்து பழகப் போகிறீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் உங்கள் சான்றிதழில் இருக்கும். உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு ஆய்வுகூடம் சொல்லித்தந்தது மட்டும்தான். ஆகவே, "எந்தப் பல்கலைக்கழகம்" என்று தேடுவதை விட்டுவிட்டு, "எந்த ஆள், எந்தக் கேள்வி, எந்த நுட்பம்" என்று தேடுங்கள். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். ஒரே வளாகத்தில், ஒரே கட்டடத்தில், மாணவரைக் கவனித்துப் பழக்கும் ஆய்வுகூடமும் இருக்கும், ஆறு மாதம் ஏனென்று கேட்காத ஆய்வுகூடமும் இருக்கும்.

உங்களிடம் என்ன குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். உயிரியல் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு வழக்கமாகக் குறைவது மின்னியலும் கணிதமும். அவை ஏன் தேவை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். நரம்பு விஞ்ஞானத்தின் அடித்தளமே நம் கடலில் கிடைக்கும் ஒரு பிராணியின் உறவினரிடமிருந்துதான் வந்தது. கணவாயின் உடற்கூட்டுச் சுவரில் ஓடும் சில நரம்பிழைகள் அரை மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருக்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆபத்து வந்ததும் உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் சுருக்கி நீரைப் பீச்சிப் பாய்வதற்காக அமைந்த ஏற்பாடு அது. 1930களில் அதை நரம்பென்று காட்டி உலகுக்கு எடுத்துச் சொன்ன ஜே. இசட். யங் உங்களைப்போல விலங்கியல் படித்தவர். அந்த இழை தடிப்பாக இருந்ததால்தான் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதனுள்ளே மின்வாயைச் செலுத்தி, சோடியம் அயன் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் அயன் வெளியே போவதும் சேர்ந்து மின் துடிப்பை உண்டாக்குவதை 1952இல் சமன்பாடுகளாக எழுத முடிந்தது. கேம்பிரிட்ஜ் கணினி அப்போது வேலை செய்யவில்லை. கையால் சுழற்றும் கணிப்பொறியில் வாரக்கணக்காக உட்கார்ந்து ஹக்ஸ்லி கணக்குப் போட்டார். 1963இல் நோபல் கிடைத்தது.

அந்தக் கணக்கை இன்று நீங்கள் வீட்டில் இருந்தே செய்யலாம். நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள். பைதன் மொழியில் ஐம்பது வரிக்குள் எழுதலாம். கடன் வாங்கிய பழைய மடிக்கணினியும் போதும். சதுர சென்ரிமீற்றருக்கு 2 மைக்ரோஅம்பியர் மின்னோட்டம் கொடுத்துப் பாருங்கள், கலம் அசையாது. 10 கொடுங்கள், தொடர்ந்து துடிக்கும். இடையில் எங்கே நிலை மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று தேடி, இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். இதைச் செய்து முடித்த மாணவர் ஒருவரின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால், அவருடைய பட்டம் எந்த ஊரில் பெற்றது என்று நான் பார்க்க மாட்டேன். பைதன் தெரியாதென்றால், நியூரோமேட்ச் அகடமி என்ற இணையப் பள்ளி 2020இல் தொடங்கியது. அதன் கணிமுறை நரம்பு விஞ்ஞானப் பாடங்கள் முழுவதும் பயிற்சிகளோடு இலவசமாகத் திறந்திருக்கின்றன. தரவுக்கும் பஞ்சமில்லை. வயதுவந்த பழ ஈ ஒன்றின் முழு மூளை வரைபடம், 139,255 நரம்புக் கலங்களோடு, 2024 ஒக்டோபரில் வெளிவந்தது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் அதே வருட முடிவில் மனிதக் கருவின் மூளையை 5,132 துண்டுப் படங்களாக வெளியிட்டது, அதுவும் திறந்தே கிடக்கிறது.

கணிதத்தைவிட அவசரமானது புள்ளிவிபரவியல். நரம்பு விஞ்ஞானக் கட்டுரைகளைத் திரட்டிச் சோதித்த 2013ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவற்றின் புள்ளிவிபர வலு நடுமட்டத்தில் ஏறத்தாழ 21 வீதம்தான் என்று கண்டது. உண்மையிலேயே ஒரு விளைவு இருந்தாலும் ஐந்து முறை தேடினால் ஒரு முறைதான் அகப்படும் என்ற நிலை அது. மாதிரிகளின் எண்ணிக்கை சிறிதாக இருப்பதுதான் காரணம். இதை விளங்கிக்கொண்ட மாணவர், பாடநூலில் இருப்பதில் எது உறுதி, எது ஆட்டம் காணக்கூடியது என்று பிரித்தறியத் தொடங்குவார். நரம்பு எப்படித் துடிக்கிறது என்பது உறுதி. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் என்ற 2009ஆம் ஆண்டுக் கணக்கு ஒரு சில மூளைகளை எண்ணிப் பெற்றது, ஆனாலும் வழிமுறை நம்பத்தக்கது. ஸ்கான் படத்தில் இந்த இடம் ஒளிர்ந்தது, ஆகவே இங்கேதான் அன்பு இருக்கிறது என்ற வகைச் செய்திகளைச் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

கடைசி வருட ஆய்வுத் திட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விண்ணப்பத்தில் அதிக எடை உள்ளது இதுதான், இதை வீணாக்க வேண்டாம். மூளைக்குள் ஊசி போடும் வசதி வந்தாறுமூலையில் வேண்டியதில்லை. நடத்தையை அளப்பதும் நரம்பு விஞ்ஞானம்தான். கிண்ணியாப் பக்கம் கண்டல் கரையில், ஒரு கை மட்டும் பெரிதாக வளர்ந்த சின்னச் சேற்று நண்டுகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். மேலே ஒரு நிழல் நகர்ந்தால் வளைக்குள் ஓடும். எத்தனை வேகத்தில் வரும் நிழலுக்கு, வளையிலிருந்து எத்தனை தூரத்தில் நிற்கும்போது ஓடுகிறது, ஆபத்தில்லாத நிழல் திரும்பத் திரும்ப வந்தால் ஓடுவதை விடுகிறதா? கைபேசியில் படமெடுத்து, டீப்லாப்கட் என்ற இலவச மென்பொருளால் நண்டின் அசைவைப் புள்ளி புள்ளியாகத் தொடரலாம். பழகிப்போதல் என்பது கற்றலின் மிக எளிய வடிவம்; அதில் ஒரு நேர்மையான அளவீடு இருந்தால் எந்த நாட்டு மேற்பார்வையாளரும் மதிப்பார். உங்கள் விரிவுரையாளரிடம் பேசி, பீடத்தின் அனுமதி நடைமுறையையும் கேட்டுச் செய்யுங்கள்.

நாட்டிலேயே செய்ய முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், எல்லாக் கேள்விகளுக்கும் அல்ல. உயிருள்ள மூளைத் துண்டில் மின் துடிப்பை அளக்கும் வசதியைத் தேடினால் இங்கே ஏமாற்றமே கிடைக்கும். ஆனால் இலங்கைக்கே உரிய பெரிய கேள்விகள் சில உண்டு, உலகம் அவற்றுக்காக இங்கேதான் வருகிறது. பூச்சிகொல்லி நஞ்சேறியவர்களைப் பாருங்கள். முதல் ஆபத்தைத் தாண்டி, தேறிவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில், ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் ஒரு நிலை உண்டு. அதை 1987இல் முதன்முதலாகத் தெளிவாக விபரித்து உலகின் முதன்மையான மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியவர்கள் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும், பேராதனையில் பார்த்த நோயாளிகளை வைத்து. அடுத்தது பாம்புக்கடி. கட்டுவிரியன் இரவில், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். அதன் நஞ்சு நரம்பு முனையையே அழிப்பதால், தசை தளர்ந்த பிறகு கொடுக்கும் மாற்று மருந்து அதைத் திருப்புவதில்லை. முனை திரும்ப வளரும்வரை செயற்கைச் சுவாசம்தான். அதே பேரினத்துத் தாய்வான் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து 1963இல் பிரித்தெடுத்த புரதம்தான், நரம்புச் செய்தியைத் தசை ஏற்கும் வாங்கியைப் பிற்பாடு ஆய்வாளர்கள் பிடித்தெடுக்க உதவியது. நரம்பும் தசையும் சேரும் இடம் பற்றிய ஆய்வுக்கு எங்கள் உலர் வலயத்து வைத்தியசாலைகளைப் போல வாய்ப்புள்ள இடங்கள் உலகில் குறைவு. பேராதனையில் தெற்காசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு இந்தத் திசையில் வேலை செய்துவருகிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் உயிர்த் தொழில்நுட்பத்துக்கும் நரம்பு விஞ்ஞானத்துக்குமான ஒரு மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடமொன்றில் எம்.பில். செய்துவிட்டு வெளியே போவது பின்தங்கிப் போவதாகாது. மொழி, பணம், வீட்டுச் சூழல் எதுவாவது இடிக்குமென்றால் நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

வெளிநாடு என்றால் பணத்தை முன்வைத்துப் பேச வேண்டும். ஜேர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நரம்பு விஞ்ஞானத்துக்குப் பெயர்பெற்ற ட்யூபிங்கன் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. விசாவுக்கு, ஒரு வருடச் செலவுக்கான தொகையைக் கணக்கில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. உதவித்தொகை கிடைத்தால் இந்தச் சுமை இறங்கிவிடும். கொட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் திட்டம் ஒன்று உண்டு. ஆங்கில வழி, வருடத்துக்கு ஏறத்தாழ 20 பேர்தான். முதல் வருடம் கடுமையான பாடமும் ஆய்வுகூடச் சுழற்சிகளும், அதாவது வெவ்வேறு ஆய்வுகூடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழகுவதும். நன்றாகச் செய்பவர்கள் நேரே கலாநிதிப் பட்டத்துக்குப் போகலாம். உங்களைப்போல எந்த நுட்பம் பிடிக்கும் என்று இன்னும் முடிவாகாதவருக்குச் சுழற்சி உள்ள திட்டங்கள் நல்லவை. கனடாவில் ஆய்வேட்டு எம்.எஸ்ஸி. மாணவருக்கு மேற்பார்வையாளரின் நிதியிலிருந்து மாதக் கொடுப்பனவு தருவது வழக்கம். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த நரம்பு விஞ்ஞானத் திட்டம் பெரியது, அங்கே எம்.எஸ்ஸி.க்குப் போக, ஏற்றுக்கொள்ளும் மேற்பார்வையாளரை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஆய்வுப் பட்டங்களுக்கு அரசின் ஆய்வுப் பயிற்சி உதவித்தொகை உண்டு, வெளிநாட்டவரும் போட்டியிடலாம். பிரித்தானியாவில் படிப்பு ஒரே வருடம், கட்டணம் அதிகம். பொதுநலவாயப் புலமைப்பரிசில் இல்லாமல் அந்தப் பக்கம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகம் வருடாவருடம் விண்ணப்பம் கோருகிறது. கட்டணம், மாதப் பணம், விமானச் சீட்டு எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்காவைப் பற்றி ஒன்று: அங்கே பல்கலைக்கழகங்கள் இளமாணிப் பட்டத்தோடேயே கலாநிதித் திட்டத்துக்கு எடுத்து, செலவையும் தாங்களே ஏற்பது வழக்கம். முதுமாணிக்குத்தான் காசு கட்ட வேண்டிவரும். நல்ல ஆய்வு அனுபவம் இருந்தால் நேரே அதற்கே விண்ணப்பிக்கலாம்.

ஏஜென்சி ஊடாகப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காசு கட்டிப் படிக்கும் பாடநெறிகளுக்கு ஆள் சேர்த்தால் அவர்களுக்குத் தரகு கிடைக்கும். கொடுப்பனவோடு கிடைக்கும் ஆய்வு இடத்தில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை, அதனால் அதைக் காட்டவும் மாட்டார்கள். அந்த இடங்கள் பேராசிரியருக்கு நேரடியாக எழுதும் கடிதத்தில்தான் திறக்கும்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். என் பெட்டிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் புகழ்பெற்ற ஆய்வுகூடத்தில் சேர ஆவலாக உள்ளேன், நான் கடின உழைப்பாளி" என்று தொடங்கி, பத்துச் சான்றிதழ்களை இணைத்து முடிகின்றன. அவற்றுக்குப் பதில் போகாது. பதில் போகும் கடிதம் பத்து வரிக்குள் இருக்கும். சாரம் இப்படி: "நான் இலங்கையில் விலங்கியல் கடைசி வருட மாணவி. கண்டல் நண்டுகள் நிழலுக்குப் பழகிப்போவதை அளந்துவருகிறேன். எதிர்பார்த்ததைவிட விரைவாக மறந்துவிடுகின்றன, படம் இணைத்துள்ளேன். உங்கள் கட்டுரையில் மூன்றாவது படத்தில் ஈக்களிலும் அதே வேகத்தைப் பார்த்தேன். இடைவெளியை நீட்டினால் என்ன ஆகும் என்று நீங்கள் சோதித்தீர்களா? அடுத்த வருடம் முதுமாணி மாணவரை எடுக்கும் எண்ணம் உண்டா, நிதி எப்படி?" இவ்வளவுதான். கட்டுரையை உண்மையாக வாசித்தவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி அதில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பதில் வந்து, பேசக் கூப்பிட்டால், அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரோடு தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். அந்த மாணவரிடம், கடைசியாகப் போன மாணவர் எத்தனை வருடத்தில் முடித்தார், வாரம் ஒரு முறையாவது பேராசிரியரைப் பார்க்க முடிகிறதா என்று விசாரியுங்கள்.

இவ்வளவும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனிமேல் சொல்பவை ஆளுக்கு ஆள் மாறும். முதலாவது வேலை. நரம்பு விஞ்ஞானம் படித்தவருக்கென்று திருகோணமலையில் ஒரு கதிரை காத்திருக்காது. கலாநிதிப் பட்டம்வரை போனவர்களிலும் எல்லோருக்கும் பேராசிரியர் பதவி கிடைப்பதில்லை; உலகெங்கும் இடங்களைவிட ஆட்கள் அதிகம். முதுமாணியோடு நிறுத்தியவர்களில் நான் அறிந்தவர்கள் மருந்துச் சோதனை நிறுவனங்களிலும், தரவுப் பகுப்பாய்விலும், வைத்தியசாலைகளின் மூளை அலைப் பதிவுப் பகுதிகளிலும், விரிவுரையாளர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுவது மூளை பற்றிய அறிவைவிட, அங்கே பழகிய கணினியும் புள்ளிவிபரமும்தான். வீட்டில் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லுங்கள். "டாக்டர் இல்லை, ஆய்வாளர். முதல் சில வருடம் சம்பளம் சின்னது, ஆனால் கையில் தொழில் இருக்கும்" என்றால் அப்பாவும் அம்மாவும் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, விலங்குகள். என் வகை ஆய்வில் எலியைக் கொல்ல வேண்டியிருக்கும். வலியில்லாமல், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் செய்கிறோம், ஆனாலும் கொல்வது கொல்வதுதான். சிலரால் முதல் வாரத்திலேயே முடியாமற்போகும்; சைவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களிடம் இதைக் கண்டிருக்கிறேன், மற்றவர்களிடமும் கண்டிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணிமுறை ஆய்வும் மனித மூளை அலை ஆய்வும் இருக்கின்றன. ஆனால் இதைச் சேர்ந்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாது. கடிதம் எழுதும் முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உங்கள் பெறுபேறு. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பல திட்டங்களுக்கு அது போதும், கடும் போட்டி உள்ளவற்றுக்குப் போதாமல் போகலாம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் என்பது உங்களுக்குப் பலம்; மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு வருடமே செல்லும், ஆகவே இப்போதே எழுதிவிட வேண்டாம். செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் முந்திய டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் விண்ணப்பத்தை மூடிவிடும். அதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்னதாகப் பேராசிரியர்களுக்குக் கடிதம் போயிருக்க வேண்டும். நண்டுத் திட்டத்தின் முதற்படங்கள் கையில் வருவதற்கும் அந்த நேரத்துக்கும் சரியாக இருக்கும். கடிதத்தை எழுதியதும், பேராசிரியரின் பெயரை எடுத்துவிட்டு இதே இழையில் போடுங்கள். அனுப்பும் முன் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.